பிங் வரிசையில் ஒரு மரம்

கேக் உச்சியில் சிவப்பாக, பிசுபிசுவென்று ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதைச் செர்ரி என்று நினைத்துக்கொண்டிருந்தால் மறந்துவிடுங்கள். நம் ஊர் பேக்கரிகளில் அது பெரும்பாலும் களாக்காய். சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டது. நிஜச் செர்ரி வேறு ஜாதி. குளிர்காலம் ஒழுங்காகக் குளிர்ந்தால்தான் அந்த மரம் பூக்கவே பூக்கும்.

அமெரிக்காவில் அதற்கு ஒரு ராஜா உண்டு. பேர் பிங். கறுஞ்சிவப்பு, பெரிய சைஸ், கடித்தால் கெட்டியான சதை. பிங் என்பது ஒரு ஆளின் பெயர். சீனாக்காரர்.

1847. அயோவா மாகாணத்தில் சேலம் (நம்ம சேலம் இல்லை) என்ற ஊரிலிருந்து ஹெண்டர்சன் லெவெல்லிங் குடும்பத்தோடு ஆரிகனுக்குப் புறப்பட்டார். மாட்டு வண்டிதான். ஏறக்குறைய 2,000 மைல். வழியெல்லாம் மலை, வறண்ட காடு. இந்த மனுஷன் ஒரு வண்டியில் மண்ணும் கரியும் நிரப்பிய பெட்டிகளை ஏற்றி, சுமார் 700 பழக்கன்றுகளை நட்டு எடுத்துக்கொண்டு வந்தார். குடிக்கத் தண்ணீருக்கே திண்டாட்டம், இவர் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பாதிக் கன்றுகள் பிழைத்தன. போர்ட்லண்ட் பக்கத்தில் மில்வாக்கியில் நர்சரி ஆரம்பமானது. 1850-ல் தம்பி சேத்தும் வந்து சேர்ந்துகொண்டார்.

அண்ணன், தம்பி இருவருக்கும் அடிமை முறை என்றாலே ஆகாது. அயோவாவில் ஹெண்டர்சனின் வீடு, தப்பி வரும் அடிமைகள் ஒளிந்துகொள்ளும் இடம். வந்து சேர்ந்த ஆரிகனோ, கறுப்பர்கள் குடியேறவே கூடாது என்று 1857-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட புண்ணிய பூமி. அடிமை முறையை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்களைக் 'கறுப்பு ரிபப்ளிகன்' என்று திட்டுவது அன்றைய வழக்கம். சேத் என்ன செய்தார்? தான் உருவாக்கிய கறுப்புச் செர்ரிக்கு அந்த வசவையே பெயராக வைத்துவிட்டார். திட்டினவன் சப்புக்கொட்டித் தின்னட்டும்!

அந்தக் கறுப்பு ரிபப்ளிகன் மரத்தின் விதையிலிருந்து 1875-ல் வந்ததுதான் பிங்.

செர்ரி விதை ஒரு லாட்டரிச் சீட்டு. இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான மரங்கள் தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அப்பன் எப்போதும் வெளி ஆள். அதனால் நூறு விதை போட்டால் நூறும் நூறு தினுசு. காய்க்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்து, தின்று பார்த்து, தேறாததை வெட்டிப் போடவேண்டும். ஒன்று தேறினால் அதன் கிளையை எடுத்து ஒட்டுக் கட்டுவார்கள். நான் பி.காம்., எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ஒரு ஒரிஜினல், மீதியெல்லாம் கார்பன் காப்பி.

சரி, எதை வைத்துத் தேறியது என்பார்கள்? முதலில் அளவு. அமெரிக்க வியாபாரிகள் இதற்கு 'ரோ' கணக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டியின் அகலத்துக்கு ஒரு வரிசையில் எத்தனை பழம் உட்காரும்? 9 என்றால் உசத்தி, 12 என்றால் பொடிசு. அப்புறம் சாற்றில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். இனிப்பு மட்டும் போதாது, கொஞ்சம் புளிப்பும் வேண்டும். காம்பு பச்சையாக இருந்தால் பறித்து ரொம்ப நாளாகவில்லை என்று அர்த்தம். மாங்காய் மாதிரி பறித்து வைக்கோலில் போட்டுப் பழுக்கவைக்கிற கதை இங்கே நடக்காது. பறித்த அன்று என்ன இனிப்போ, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே கெட்டித்தன்மை. பழம் கொழகொழத்தால் பக்கத்து ஊருக்குக்கூடப் போய்ச் சேராது. பிங் ரயிலேறித் தூர தேசம் போனது அதன் கெட்டிச் சதையால்தான். ஒரே பலவீனம் மழை. அறுவடை நேரத்தில் நனைந்தால் தோல் வெடித்துவிடும். பிற்காலத்தில் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு மரத்தை உலர்த்துகிற அளவுக்குப் போனார்கள்.

இனி ஆளுக்கு வருவோம். சேத் தோட்டத்தில் சீனத் தொழிலாளர்களுக்கு மேஸ்திரி, ஆ பிங். ஆறடி தாண்டிய உயரம். 'ஆ' என்பது பெயர்கூட இல்லை, கூப்பிடும்போது முன்னால் ஒட்டிக்கொள்வது. சேத்தின் வளர்ப்பு மகள் ஃப்ளாரன்ஸ் லெட்டிங் 1930-களில் சொன்ன கதை இது: சேத்தும் பிங்கும் ஆளுக்கொரு வரிசையாகக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அற்புத மரம் நின்றது பிங்கின் வரிசையில். உங்கள் பெயரையே வையுங்கள் என்றார்களாம். சேத் மறுத்துவிட்டார். மரத்தை உருவாக்கியது சேத்தான், பிங் வெறும் மேஸ்திரி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ, தினம் அந்த வரிசையில் நடந்தவரை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகப் படவில்லை.

1882-ல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பலாம் என்று ஒரு சந்து மட்டும் விட்டுவைத்தார்கள். 1888 அக்டோபர் 1-ம் தேதி அதையும் அடைத்தார்கள். கையில் சான்றிதழோடு வெளியே இருந்த சுமார் 20,000 பேருக்கு அது ஒரே நாளில் வெற்றுக் காகிதம். அப்போது கப்பலில் வந்துகொண்டிருந்த சே சான் பிங் என்பவர் (இவர் வேறு பிங்) சுப்ரீம் கோர்ட் வரை போய்ப் பார்த்தார். 1889-ல் தோற்றார்.

நம் ஆ பிங்கும் 1889-ஐ ஒட்டித்தான் குடும்பத்தைப் பார்க்கச் சீனா போனார். திரும்ப முடியவில்லை. 1896-ல் சேத் இறந்தார். 1943-ல்தான் சட்டம் ரத்தானது. அப்போதும் வருஷத்துக்கு 105 சீனர்களுக்குத்தான் அனுமதி.

2010-களில் அமெரிக்கச் செர்ரிக்குப் பெரிய சந்தைகளில் ஒன்று எது தெரியுமா? சீனா. 2018-ல் வர்த்தகச் சண்டை வந்தபோது, அந்தப் பழத்தின்மேல் கூடுதல் வரி போட்டது சீன அரசு.