ஒரு பழைய கட்டுரையும் உரைக்குறிகளின் வரலாறும்



2008-ஆம் ஆண்டில் எனது ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், தங்கள் தாத்தா பாட்டியரின் தோட்டத்து வாழ்க்கையைக் கேட்டறிந்து கட்டுரைகள் எழுதினர். நான் அவற்றைத் தட்டச்சுச் செய்து வலையேற்றினேன். பத்து ஆண்டுகள் கழித்து, அம்மாணவியருள் ஒருத்தி தொடர்பு கொண்டாள். தாத்தா காலமாகிவிட்டார் என்றும், அவரைப் பற்றித் தான் எழுதிய கட்டுரை கிடைக்குமா என்றும் கேட்டாள். பழைய தளம் மறைந்துவிட்டது. ஆனால், கோப்பு என்னிடம் இருந்தது. அது 'டெக்ஸ்டைல்' என்னும் உரைக்குறி முறையில் எழுதப்பட்ட வெற்று உரைக்கோப்பு. அதனை மீண்டும் பக்கமாக்க முனைந்தபோது நான் கற்ற வரலாறே இக்கட்டுரை.

எழுத்தோடு எழுத்தாகக் குறிகளை இட்டு, கணினியைக் கொண்டு பக்கத்தை வடிவமைக்கும் முறை பழமையானது. 1964-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் ஜெரோம் சால்ட்சர் 'ரன்ஆஃப்' என்னும் நிரலை எழுதினார். அதில் புள்ளியில் தொடங்கும் வரிகள் கட்டளைகளாகும். 1986-இல் 'எஸ்.ஜி.எம்.எல்.' அனைத்துலகத் தரமாயிற்று. அதன் வழியைப் பின்பற்றி டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கென எச்.டி.எம்.எல். மொழியை உருவாக்கினார்.

எச்.டி.எம்.எல். கணினிக்கு எளிது, எழுதுகின்றவருக்குச் சுமை. ஒரு பத்திக்குள் கோண அடைப்புகள் பெருகப் பெருக, வாசகம் அவற்றினூடே மறைந்துபோகும். இக்குறையைப் போக்க 2002-இல் டீன் ஆலன் டெக்ஸ்டைலை வெளியிட்டார். சொல்லின் இருபுறமும் * இட்டால் அது தடித்த எழுத்தாகும். _ இட்டால் சாய்வெழுத்தாகும். 2004-இல் ஜான் குரூபர், ஏரன் ஸ்வார்ட்ஸின் துணையுடன் 'மார்க்டவுன்' முறையை வெளியிட்டார். மாற்றுவதற்கு முன்பே உரை மனிதர் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன் முதற் கொள்கை. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட அச்சிறு நிரல், மூவபிள் டைப், பிளாசம் ஆகிய மென்பொருள்களில் செருகியாக இயங்கியது.

2008-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் 'ஜெக்கில்' என்னும் நிலைப்பக்க ஆக்கியை வெளியிட்டார். தரவுத்தளம் ஏதுமின்றி, உரைக்கோப்புகளை முன்கூட்டியே பக்கங்களாக்கி வைப்பது இதன் பணி. தொடக்கத்தில் இது டெக்ஸ்டைல், மார்க்டவுன் இரண்டையும் ஏற்றது. 2015-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்போ டெக்ஸ்டைலை உள்ளிருந்து நீக்கித் தனிச் செருகியாக ஒதுக்கியது. அதனாலேயே என் கோப்பு பக்கமாக மாறாமல் அப்படியே நின்றது.

தீர்வு கடினமன்று. திட்டக் கோப்புறையிலுள்ள 'ஜெம்ஃபைல்' கோப்பைத் திறந்து, ஜெக்கில் செருகிகளுக்குரிய குழுவில் 'ஜெக்கில்-டெக்ஸ்டைல்-கன்வெர்ட்டர்' என்னும் பெயரைச் சேர்த்தேன். பின்னர் 'பண்டில் இன்ஸ்டால்' கட்டளையை இட்டேன். கோப்புப் பெயரின் பின்னொட்டு டெக்ஸ்டைல் என்றிருத்தல் வேண்டும். கோப்பின் தலையில், மூன்று சிறுகோடுகள் கொண்ட இரு வரிகளுக்கிடையே தலைப்பு முதலிய முன்குறிப்பு அமைதல் வேண்டும்.

தமிழில் எழுதுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பை ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 வடிவில் சேமிக்கும்போது, சில உரைத்தொகுப்பிகள் தொடக்கத்தில் 'பி.ஓ.எம்.' என்னும் கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்த்துவிடும். அது இருந்தால் ஜெக்கில் தடுமாறும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. என் கோப்பிலும் அது இருந்தது. நீக்கியபின் பக்கம் உருவாயிற்று.

ஆனால், உண்மையொன்றைச் சொல்ல வேண்டும். செருகியை நிறுவுவதற்கு முன்பே அக்கட்டுரையை நான் முழுமையாகப் படித்துவிட்டேன். விடியற்காலையில் பால்மரம் சீவப் புறப்பட்ட தாத்தாவின் கதை, இரண்டொரு விண்மீன் குறிகளுக்கிடையே தெளிவாகவே இருந்தது. செருகி அதற்கு அழகைத் தந்ததே தவிர, உயிரைத் தரவில்லை. மாற்றும் கருவிகள் வரும், போகும். வெற்று உரையாய் எழுதி வைத்தது எஞ்சும்.

பக்கத்தின் முகவரியோடு மூலக் கோப்பையும் அம்மாணவிக்கு அனுப்பினேன். மாணவர் படைப்புகளைச் சேமிக்கும் ஆசிரிய நண்பர்களே, நீங்களும் மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.