பன்னியாற்று மீனுக்குப் பெயர் பிறந்த கதை

போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டையும் பூப்பாறையையும் தாண்டினால் சாந்தன்பாறை. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே பன்னியாறு கல்லில் மோதி இறங்குகிறது. அதன் பாறைகளில் ஒரு சின்ன மீன் அப்பிக் கிடக்கும். தட்டை வயிறு, அடிப்பக்கத்தில் வாய், விசிறிபோல் இருபுறமும் விரிந்து கல்லைப் பற்றும் துடுப்புகள். எத்தனை வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் அது பிடியை விடாது.

வைகைக்கரைக்காரர்களுக்கு அயிரையை அறிமுகப்படுத்த வேண்டுமா? அதன் மலைப் பங்காளி இது. உறவு இன்னும் பின்னோக்கிப் போகிறது. அயிரை, கெண்டை, கெளுத்தி எல்லாவற்றுக்கும் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் குட்டி எலும்புச் சங்கிலி உண்டு. தண்ணீரின் ஓசையை அதுதான் காதுக்குக் கடத்துகிறது. 1820இல் ஜெர்மானியர் வெபர் அதை விவரித்தார். கடலில் வாழும் பால்கெண்டையிடம் அந்தச் சங்கிலியின் எளிய முன்வடிவம் இருக்கிறது. அதற்கும் அப்பால் நிற்கும் உறவு சாளை. ஐஸ் பெட்டியில் மலையடிவாரத்துக்கு வந்திறங்கும் சாளையும் மேலே ஓடையில் கிடக்கும் இந்த மீனும் ஒரே மூதாதை வழி வந்தவை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஆனால் இதன் நெருங்கிய சாயல் மலேயா, ஜாவா ஓடைகளில் தெரிந்தது. நன்னீர் மீன் கடலை நீந்திக் கடந்திருக்குமா? நடு இந்தியாவின் சாத்பூரா மலைத்தொடரின் ஓடைகள் வழியாகத்தான் தெற்கே வந்திருக்க வேண்டும் என்றார் மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா. 1949இல் அதற்கென ஒரு கருத்தரங்கே நடந்தது. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு இன்னும் தீரவில்லை. பின்னாளில் கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திய இ.ஜி. சைலஸ், இளமையில் வகைப்படுத்தியது இந்த ஓடை மீன்களைத்தான்.

2002இல் அருணாச்சலம், ஜான்சன், ரமாதேவி மூவரும் பன்னியாற்று மீனைத் தனி இனமாக அறிவித்து, சாந்தன்பாறையின் பெயரையே அதற்கு இட்டார்கள். அறிவியல் பெயரில் பேரினத்தைச் சொல்லும் முன்பெயர் மட்டும் ஹோமலோப்டெரா. 1823இல் ஜாவா மீனுக்கு வைத்தது. இரவல் பெயர்.

2015இல் ராண்டல், பேஜ் என்ற இரு அமெரிக்கர்கள், மேற்கு மலைத்தொடரின் ஐந்து இனங்கள் ஜாவாக் குடும்பத்தோடு சேராது, தனிக் கிளை என்று காட்டினார்கள். ஐந்தில் ஒன்று சைலஸின் பெயரைத் தாங்குவது. ஐந்துக்கும் சேர்த்துப் புது முன்பெயர் பிறந்தது: காட்சா. நாம் காட்ஸ் என்று சொல்லும் மலைத்தொடரின் பெயர்தான் அது. பன்னியாற்று மீனுக்கு இப்போது முன்பெயர் மலை, பின்பெயர் ஊர்.