சர்டிபிகேட் பேசாது!

பிரிட்டிஷ் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுன். 1945-ல் அங்கே ஆசிரியர் பயிற்சியை முதல் வகுப்பில் முடித்தார் பெரில் கில்ராய். சில வருடங்கள் பாடம் நடத்திய அனுபவமும் சேர்ந்தது. கயானாவை அப்போது ஆண்டதே லண்டன்தான். ஆக, 1950-களின் தொடக்கத்தில் லண்டனுக்கே போய் இறங்கினால் டீச்சர் வேலை கிடைக்க வேண்டுமா, இல்லையா?

கிடைக்கவில்லை. காரணம் சுலபம். அவர் கறுப்பினப் பெண்.

முதல் வகுப்பு சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, கம்பெனி குமாஸ்தாவாக இருந்தார். ஒரு சீமாட்டி வீட்டில் பணிப்பெண்ணாகவும் வேலை பார்த்தார். 1953-ல்தான் வகுப்பறைக் கதவு திறந்தது. 1969-ல் வடக்கு லண்டனின் பெக்ஃபோர்டு பள்ளிக்கு அவரே தலைமை ஆசிரியை! பட்ட பாட்டையெல்லாம் 1976-ல் 'பிளாக் டீச்சர்' என்று புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2012-ல் இங்கிலாந்து ஒரு சலுகை தந்தது. சில வெளிநாட்டு ஆசிரியர்கள் மறுபடி பயிற்சி எடுக்காமலே அங்கீகாரம் வாங்கலாம். எந்தெந்த நாடுகள்? அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அவ்வளவுதான். இந்தியா, ஜமைக்கா, நைஜீரியா உள்ளிட்ட ஒன்பது இடங்களுக்கு 2023-ல்தான் கதவு திறந்தது. அதுவும் ஆரம்பத்தில் கணக்கு, அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்களுக்கு மட்டும்.

ஏன் அந்தப் பாடங்கள்? அங்கே ஆள் பற்றாக்குறை அவற்றில்தான்.

நம் பி.எட். ஒரே ராத்திரியில் உசத்தியாகிவிடவில்லை. அவர்களுக்குத் தேவை வந்தது, அவ்வளவே.