ஏலக்காய் விலையும் தகவல் உடைமையும்: போடிநாயக்கனூர்ச் சந்தையை முன்வைத்து

இந்தியச் சிற்றேலக்காய்க்கு விலை தீர்மானமாகும் இடங்கள் இரண்டு. ஒன்று தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். மற்றொன்று மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. உடும்பஞ்சோலை, வண்டன்மேடு, சாந்தன்பாறைத் தோட்டங்களில் பறித்து ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தப்படும் காய், ஸ்பைசஸ் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் வழியாக இங்கு விற்பனைக்கு வருகிறது. 2007-இல் கூவி விடும் ஏலம் போய் மின்னணு ஏலம் வந்தது. முன்பு யார் எவ்வளவு கேட்டார் என்பது அரங்கில் இருந்தவர்களோடு நின்றது. இப்போது ஒவ்வோர் ஏலத்திலும் வந்த லாட்டுகள், வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியமே வெளியிடுகிறது. கம்பத்திலோ கூடலூரிலோ இருக்கும் சிறு விவசாயி அன்றன்றே கைபேசியில் அவற்றைப் பார்த்துவிட முடிகிறது.

இது மெய்யான முன்னேற்றம். ஆனால் வெளியாகும் எண்கள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலக்காய் போனது நாடெங்கும் செய்தியாயிற்று. அது ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி அதைவிட வெகு தாழ்வு. பச்சை நிறம் மங்காத, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுள்ள காய்க்கு ஒரு விலை, சிறுத்து வெளுத்த காய்க்கு வேறு விலை. தினசரிப் பட்டியலோ தரவாரியாகப் பிரித்துத் தருவதில்லை. தன் மூட்டையில் உள்ள தரத்துக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியோடு வரும் விவசாயிக்கு உச்சமும் சராசரியும் அரைகுறைப் பதிலே.

வட கேரள மத்தி மீனவர்களிடம் கைபேசி வந்த விளைவைப் பற்றிப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒப்பிடத் தக்கது. கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது, மீனவரின் லாபமும் கூடியது. தகவல் அங்கே பலன் தந்ததற்குக் காரணம், படகு வேறு கரைக்குத் திரும்ப முடிந்ததுதான். ஏல நிறுவனத்திடம் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு அத்தகைய திருப்பம் எளிதன்று. உரம், மருந்து, பறிப்புக் கூலி என்று செலவு நெருக்கும்போது, விலை இறங்கியிருப்பது தெரிந்தும் அவர் விற்கிறார். காற்றுப் புகாத கிடங்கு இல்லாவிட்டால் காயின் நிறமும் காத்திருக்காது. தகவலைப் பெறுவது ஒரு நிலை. அதைக்கொண்டு முடிவை மாற்ற வல்லவராக இருப்பது அதற்கு மேலான நிலை.

விலை உருவாகக் காரணமான தகவல் வேறு கைகளில் இருக்கிறது. வட இந்திய மொத்த வியாபாரிகளின் ஆர்டர், வளைகுடா நாடுகளின் தேவை, உலகின் மிகப் பெரிய உற்பத்தி நாடான குவாத்தமாலாவின் விளைச்சல், கிடங்குகளில் தேங்கிய இருப்பு ஆகியவற்றை அறிந்தவர் வாங்குபவரே. ஒருமுறை விற்ற காயே திரும்பவும் ஏலத்துக்கு வந்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இங்கே ஓரளவுக்கே உதவும். வெளியிட்டால் மூன்றாம் தரப்பின் போட்டித் திறனைக் கெடுக்கும் வணிக ரகசியங்களுக்கு அதன் 8(1)(டி) பிரிவு விலக்களிக்கிறது.

உற்பத்தி செய்பவரின் அறிவுக்கு அத்தகைய வேலி இருந்ததில்லை. இடுக்கியில் ஒரு விவசாயி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம், பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் நிறைவேறும் முன்பே தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. பக்கக் கன்றைப் பிரித்து நட்டாலே பெருகும் பயிரில் அறிவைப் பூட்டிவைக்க வழியில்லை. அது பரவியது நன்மையே. ஏலமலையின் விளைச்சலை உயர்த்தியது அதுவே. எனினும் விவசாயியின் கண்டுபிடிப்பு பொதுச் சொத்தாகவும் வியாபாரியின் இருப்புக் கணக்கு ரகசியமாகவும் நிற்பதில் நியாயம் இல்லை. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சை பெற்ற புவிசார் குறியீடு கம்பம் பள்ளத்தாக்குக்குக் கூட்டு உடைமையின் ஒரு வடிவத்தைக் கொடுத்திருக்கிறது. அதுவும் பெயரைத்தான் காக்கும். விலை பேசும் வலிமையை அது தானாகத் தராது; குறியீட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு விவசாயியும் தனியே பதிவு செய்தாக வேண்டும்.

வாரியத்தின் கையில் இருக்கும் தரவே நிறையச் செய்யக்கூடும். ஏல விலையைத் தரவாரியாகப் பிரித்து வெளியிடலாம். மறு ஏலத்துக்கு வரும் லாட்டைக் குறியிட்டுக் காட்டலாம். தனி வியாபாரியின் பெயரைச் சொல்லாமல், உரிமதாரர்களிடம் உள்ள மொத்த இருப்பை மாதந்தோறும் அறிவிக்கலாம். பொதுநலன் கோரினால் வணிக ரகசியத்தையும் வெளியிட அதே 8(1)(டி) பிரிவு இடம் தருகிறது. பெயரில்லாத கூட்டுத்தொகைக்கு அந்த விதிவிலக்குகூடத் தேவைப்படாது.