வைரமும் வெளிறும்: செம்மரக் காட்டில் காவலின் வரலாறு

2015 ஏப்ரல் 7 விடியற்காலையில், திருப்பதிக்கு அருகே சந்திரகிரி மண்டலத்தை ஒட்டிய சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டது ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை. இறந்தவர்கள் அனைவரும் தமிழ்நாட்டினர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைகளையும் மலையடிவாரங்களையும் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் அந்நிகழ்வு இரு மாநிலங்களுக்கு இடையிலான மனக்கசப்பாகவே நினைவில் நிற்கிறது. அதில் ஓர் உண்மை உண்டு. முழு உண்மை அன்று. திட்டமிட்ட குற்றக்குழு ஒன்றைக் காவல்துறை எந்தக் கண்ணியில் அறுக்கத் தேர்ந்துகொள்கிறது என்ற பழைய கேள்வியின் ஓர் அத்தியாயமாகவும் அந்த விடியற்காலையைப் படிக்க வேண்டும்.

முதலில் மரம். செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காடாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பழைய சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் மாவட்டங்களின் வறண்ட கற்பாங்கான சரிவுகளே அதன் தாயகம். மெல்ல வளரும் மரம். அதன் மதிப்பு முழுவதும் நடுத்தண்டில் இருக்கிறது. தமிழ் மரபில் அந்த நடுக்கட்டைக்கு வைரம் என்று பெயர். அதைச் சூழ்ந்திருக்கும் வெளிர்நிறப் பகுதி வெளிறு. காட்டுக்குள் மரத்தை வீழ்த்தியவுடன் வெளிற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டுமே தோளில் சுமந்து இறக்குகிறார்கள். சாயத்துக்காக ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் சோழமண்டலக் கரையிலிருந்து இதை ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய தேவை வேறு: சீனத்தில் அரண்மனை மரபை ஒட்டிய அறைகலன்கள், ஜப்பானில் ஷாமிசென் போன்ற நரம்பிசைக் கருவிகள். அலையலையான இழையோட்டம் கொண்ட கட்டைக்கே உச்ச விலை.

1995 முதல் செம்மரம் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. காட்டு மரத்தின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. ஆனால் பறிமுதல் செய்த கட்டைகளை விற்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆந்திர அரசு 2014 இறுதியில் பன்னாட்டு மின்-ஏலம் நடத்தியது. தடைசெய்யப்பட்ட பொருளின் மிகப் பெரிய சட்டபூர்வ விற்பனையாளராக அரசே இருப்பது விந்தையான நிலைதான். தடை விலையை உயர்த்தியது; உயர்ந்த விலை ஒரு பெருந்தொழிலைத் தலைமறைவாக வளர்த்தது.

அத்தொழிலின் அமைப்பு நோக்கத்தக்கது. முதல் போடுபவர் ஒருவர். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் தரகர் இன்னொருவர். மரம் வெட்டுபவர்கள், சுமப்பவர்கள், வண்டியோட்டிகள், வண்டிக்கு முன்னே வேவு பார்த்துச் செல்லும் ‘பைலட்’ கார்க்காரர்கள், கிடங்குக்காரர்கள், வேறு சரக்கின் பெயரில் கொள்கலத்தில் அடைத்துத் துறைமுகம் தாண்டச் செய்பவர்கள், துபாயிலோ ஹாங்காங்கிலோ பெற்றுக்கொள்பவர்கள். ஒரு கண்ணியில் இருப்பவருக்கு அடுத்த கண்ணிக்கு அப்பால் யாரையும் தெரியாது. வெட்டியவர் பிடிபட்டால் அவருக்குத் தெரிந்தது தரகரின் பெயர் மட்டுமே; பலவேளைகளில் அதுவும் பாதிப் பெயர். எல்லா இடங்களிலும் இத்தகைய குழுக்களின் பலம் இந்த அறியாமையில்தான் இருக்கிறது.

கோடரி ஏந்தியவர்கள் ஏன் ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் வந்தார்கள்? அம்மலைகளின் மலையாளிப் பழங்குடியினர் மரவேலையில் தேர்ந்தவர்கள். ஜவ்வாது மலையில் சந்தனம் செழித்த காலத்தில் வனத்துறையும் அந்தத் திறனைப் பயன்படுத்தியது, கடத்தல்காரர்களும் பயன்படுத்தினார்கள். சந்தனம் அருகியது, திறன் எஞ்சியது. மானாவாரிச் சாமை விளைச்சலில் ஆண்டு முழுவதும் வாழ முடியாத குடும்பங்கள் கேரளத்துக்கும் குடகுத் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குப் போயின. அதே ஊர்களில் தரகர் ஒருவர், சில நாள் வேலைக்குப் பல மாதக் கூலி தருவதாகச் சொல்லி முன்பணத்தோடு வந்து நின்றார். போனவர்கள் எல்லாரும் அறியாமல் போனார்கள் என்பது உண்மையன்று; தெரிந்து போனவர்கள் பலர். கட்டட வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே புலனாய்வின் வேலை.

இனி நிலம். வேங்கடம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை என்பது தொல்காப்பியப் பாயிரம் அறிந்தோர் யாவரும் அறிந்தது. சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் இன்றும் இரு மொழியும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஆயினும் செய்திமொழியில் எல்லை கூர்மையாக விழுந்தது. தெலுங்கு நாளிதழ்களில் ‘தமிழ கூலீலு’ என்பது ஒரு குற்றவகையின் பெயராகவே ஆயிற்று. தமிழில் கூலி என்றால் முதலில் ஊதியம்; வேலை செய்பவர் கூலியாள். தெலுங்கில் அச்சொல் ஆளையும் குறிக்கும். இன்னொன்று: தெலுங்கில் ‘துங்க’ என்றால் மரக்கட்டை, ‘தொங்க’ என்றால் திருடன். செம்மரச் செய்திகளில் இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. பிடிபட்ட கட்டைகள் இத்தனை, பிடிபட்ட கூலிகள் இத்தனை என்று ஒரே மூச்சில் எண்ணும் அறிக்கை நடை இவ்வாறு உருவாயிற்று.

2013 டிசம்பரில் அந்த எண்ணிக்கை நடை இரத்தம் தோய்ந்தது. சேஷாசலக் காட்டில் ரோந்து சென்ற வனத்துறை அலுவலர்கள் ஸ்ரீதர், டேவிட் கருணாகர் இருவரும் மரம் வெட்டும் கும்பலால் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். துப்பாக்கிக்கு இணையான பாதுகாப்பு ஏதுமின்றிக் காட்டுக்குள் அனுப்பப்பட்ட ஊழியர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் 2015ஐ நினைவுகூர்வோர் 2013ஐப் பெரும்பாலும் சொல்வதில்லை, அது நேர்மையன்று. ஆனால் அக்கொலைக்குப் பின் நடந்த விசாரணையையும் பார்க்க வேண்டும். அந்நாள்களில் பிடிபட்ட தமிழ்நாட்டினர் கூட்டங்கூட்டமாக அவ்வழக்கில் சேர்க்கப்பட்டனர். 280க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டு நெடுங்காலம் சிறையில் கிடந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இருவரைக் கொன்றது யார் என்பது அவ்வழக்கில் நிறுவப்படவில்லை. நூற்றுக்கணக்கானவரைப் பிடித்த விசாரணை கொல்லப்பட்ட இரு அலுவலர்களின் குடும்பங்களுக்கும் எதையும் தரவில்லை.

2014 ஜூனில் மாநிலம் பிரிந்தபின் புதிய ஆந்திர அரசு திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு சிறப்புப் படையை அமைத்தது. காவலரும் வனத்துறையினரும் சேர்ந்த படை, தலைமையில் டி.ஐ.ஜி. நிலை அதிகாரி. அதன் சொல்வழக்கு நக்சலைட் எதிர்ப்பு நடவடிக்கைகளின் வாரிசு. 1989இல் தொடங்கப்பட்ட கிரேஹவுண்ட்ஸ் படையின் காலம் முதல் ஆந்திரக் காவல்துறைக்குப் பழகிய ‘கூம்பிங்’, ‘ஆபரேஷன்’, ‘என்கவுன்டர்’ ஆகிய சொற்கள் மரத்திருட்டுக்கும் பொருத்தப்பட்டன. சொல் மாறும்போது எதிரில் நிற்பவரின் இயல்பும் மாறிவிடுகிறது: திருடியவர் படையாகிறார்.

2015 ஏப்ரல் 7 பற்றிக் காவல்துறை சொன்னது இது: நூற்றுக்கும் மேற்பட்டோர் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினர், தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. படையினர் எவரும் இறக்கவில்லை. உண்மையறியும் குழுக்கள் சொன்னது வேறு: குண்டுகள் பெரும்பாலும் இடுப்புக்கு மேலே பாய்ந்திருந்தன, உடல்களுக்கு அருகே கிடந்த சில கட்டைகள் அன்று வெட்டப்பட்டவை போலில்லை. உயிர்தப்பியவர்கள் தில்லியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் அளித்த வாக்குமூலத்தின்படி, இறந்தவர்களுள் சிலர் முந்தைய நாளே பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். தப்பியவருள் ஒருவர் சொன்ன காரணம் மறக்க இயலாதது: பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தார், இருவரும் ஒரே குடும்பம் என்றெண்ணிக் காவலர்கள் அவரை விட்டுவிட்டார்களாம். ஆணையம் மத்தியப் புலனாய்வு விசாரணையையும் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தையும் பரிந்துரைத்தது. ஐதராபாத் உயர் நீதிமன்ற உத்தரவால் ஆறு உடல்களுக்கு மறுபிரேதப் பரிசோதனை நடந்தது. மாநில அரசு தன் காவல்துறையினரைக் கொண்டே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

இதில் சட்டத்தின் நிலை தெளிவானதே. 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ‘என்கவுன்டர்’ சாவு ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு என்பது விசாரணையில் நிறுவப்பட வேண்டியது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2014 செப்டம்பரில் மகாராஷ்டிர வழக்கொன்றில் 16 நெறிமுறைகளைத் தானே வகுத்தது. சுயேச்சையான விசாரணை, நீதித்துறை நடுவர் விசாரணை ஆகியவை அவற்றுள் அடங்கும். சேஷாசல நிகழ்வு அந்நெறிமுறைகளுக்கு ஏழு மாதங்கள் பிந்தியது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆண்டிலேயே ஒரு நிகழ்வு உண்டு. செம்மரக் கடத்தலின் பெரும்புள்ளி என்று ஆந்திரக் காவல்துறை குற்றஞ்சாட்டிய கொல்லம் கங்கிரெட்டி, 2015 பிப்ரவரியில் மொரீஷியஸில் பிடிபட்டார். பன்னாட்டுக் காவல் அறிவிக்கை, அங்குள்ள நீதிமன்றம், அரசுகளுக்கிடையே கடிதங்கள் என்று பல மாதங்கள் சென்றபின், நவம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவ்வாறு நடந்ததே முறை. ஒரு துப்பாக்கிக் குண்டும் இன்றி, தாள்களைக் கொண்டு, கடல் கடந்த ஒருவரைக் கொண்டுவரும் ஆற்றல் அதே மாநிலக் காவல்துறையிடம் இருந்தது என்பதை அது காட்டுகிறது. ஆக, எந்த வழியைக் கையாள்வது என்பது எதிரில் நிற்பவர் சங்கிலியின் எந்தக் கண்ணி என்பதைப் பொறுத்திருந்தது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் மொழியுணர்வோடு எழுந்துவிடுவது எளிது. அதற்குமுன் வாச்சாத்தியை நினைக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அவ்வூரில் சந்தனக் கடத்தலைத் தேடுவதாகப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அனைவரும் தமிழ்நாட்டு அரசின் ஊழியர்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர், ஊரே சூறையாடப்பட்டது. 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. வாச்சாத்தி மக்களும் மலையாளிப் பழங்குடியினரே. அங்கே காவலரும் குடிகளும் ஒரே மொழி பேசினர். சந்தனமானாலும் செம்மரமானாலும், தமிழானாலும் தெலுங்கானாலும், காட்டுச் சரக்கைக் காக்கும் அதிகாரம் கோடரி பிடித்த கையிலேயே நின்றுவிட்டது.

பின்வந்த ஆண்டுகள் கலவையானவை. முன்தடுப்புக் காவலுக்கான 1986ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் தரகர்கள்மீதும் கடத்தல்காரர்கள்மீதும் பயன்பட்டது. வனச்சட்டத் திருத்தம் தண்டனையைக் கூட்டியது. துறைமுகங்களில் வருவாய்ப் புலனாய்வுத் துறை கொள்கலங்களைப் பிடித்தது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே சங்கிலியின் மேற்கண்ணிகளைத் தொடுவது. முன்தடுப்புக் காவலோ விசாரணையின்றி அடைத்துவைப்பது, குழுவை வெளிக்கொணர்வதில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்ட ஏரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஐவரின் உடல்கள் மிதந்தன. 2024 பிப்ரவரியில் அன்னமய்யா மாவட்டத்தில் வாகனத்தை மறிக்க முயன்ற சிறப்புப் படைக் காவலர் ஒருவரைக் கடத்தல்காரர்களின் கார் மோதிக் கொன்றது. ஆணையிடுபவர்கள் இருக்குமிடத்தில் இரு தரப்பிலும் சாவு நிகழ்வதில்லை.

2022 ஜூனில் செம்மர வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றங்கள் திருப்பதியில் திறக்கப்பட்டன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தேங்குவதற்கு அவை ஒரு மருந்து. ஆந்திரக் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் தெலுங்கில் அமைகிறது. கூண்டில் நிற்பவர்களில் பலருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்படும்போது, அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் அதை விளக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு கூறியது. சித்தூர் வட்டாரத்தில் இரு மொழியும் அறிந்தவரைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பெரும்பாலும் நீதிமன்ற வாசலிலேயே இருப்பார்.