உலக்கையும் பொறியும்

கொல்லிமலை என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் ஆண்ட மலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் அதன் மேட்டுநிலத்தை அடையலாம். ஓரியின் வரலாறு உங்கள் பாடநூலில் உண்டு. அம்மலையின் உரலுக்கும் உலக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயர் அன்று அது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றை விளைத்து உண்டனர். சாமையில் மட்டும் பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை எனப் பல வகைகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. சவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளி மலையேறிற்று. அது கைமேல் பணம் தந்தது. நியாயவிலைக் கடையில் அரிசியும் கிடைத்தது. சாமைக் கொல்லைகள் சுருங்கின.

பணம் ஒன்றே இதற்குக் காரணமா? அன்று. கேழ்வரகை நேரே அரைத்து மாவாக்கலாம். சாமையின் உமியோ சின்னஞ்சிறு மணியை இறுகப் பற்றியிருக்கும். உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தினாலன்றி அது நீங்காது. அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோள்மீதே விழுந்தது. அரிசி கிடைத்தபின் உலக்கையை எடுக்க எவர் மனம் இசையும்?

1988இல் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலையில் பணி தொடங்கியது. மரபு விதைகளைக் காப்பதோடு அது நிற்கவில்லை. ஊர்களில் அரைவைப் பொறிகளை அமைத்து, மகளிர் குழுக்கள் முதலியவற்றின் பொறுப்பில் விட்டது. உமி நீக்கும் பொறிகளுள் ஒருவகை, வேகமாகச் சுழலும் தட்டிலிருந்து தானியத்தைச் சுவரில் மோதச் செய்து உமியை உடைப்பதாகும். வேகம் மிகுந்தால் மணி நொய்யாகும்; குறைந்தால் உமி போகாது.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்று பொறியியற் கல்லூரி புகுந்த மாணவர் இருவர், அத்தகைய பொறியின் சிறு மாதிரியொன்றைச் செய்துகொண்டு மலையேறினர். நானும் உடன் சென்றேன். நகரத்துக் கடையில் வாங்கிய சாமையை அளந்தே அதனை அமைத்திருந்தனர். மலைச்சாமையை இட்டதும் ஒரு பகுதி நொய்யாயிற்று. ஒரு பகுதி உமியோடே வெளிவந்தது. அருகிருந்த மூதாட்டி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "தம்பி, இது இரண்டு சாமை கலந்தது. சலிக்காமலும் காயவைக்காமலும் போட்டால் உங்கள் பொறி என்ன செய்யும்?" என்றார்.

மாணவர் நாணினர், அவரினும் நாணியவன் நான். அளக்கக் கற்பித்த நான், கேட்கக் கற்பிக்கவில்லையே! அவர்கள் அன்று அம்மூதாட்டியின் அருகமர்ந்து, எவ்வளவு வெயில், எந்தச் சல்லடை என்றெல்லாம் கேட்டுக் குறித்தனர். அடுத்த வரைபடத்தில் பொறியின் முதல் உறுப்பாகச் சல்லடை இடம்பெற்றது.

இது புதிய பாடமன்று. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம், சிறந்த கைராட்டைக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. ஒரு பெண் எட்டு மணி நேரம் பெருவருத்தமின்றி இயக்கத்தக்கதாகவும், விலை 150 ரூபாய்க்கு மேற்படாததாகவும் அது இருத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகளுட் சில. அப்பரிசை எவரும் பெறவில்லை. பின்னாளில் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் கண்ட ராட்டையே 'அம்பர் சர்க்கா' எனப் பெயர் பெற்றது. பயன்படுத்துவோரின் உடலையும் வருவாயையும் முதலில் எண்ணிப் பொறியைப் பின்னர் எண்ணும் முறையை அந்நிபந்தனைகளில் காண்கிறோம்.

2014இல் நடுவண் அரசு தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' என்னும் திட்டம், உயர்கல்வி நிலையங்களைச் சிற்றூர்களோடு இணைக்க முனைந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தார் சாமையைத் தேடி வாங்கும் காலம் இது. அதனை விளைத்த மலைமகளிரின் தோள்வலி தீராவிடில் அவ்விழாக்களால் பயன் என்ன?

மாணவர்களே, நாளை நீங்களும் பொறி வகுப்பீர்கள். வரைதாளை விரிக்குமுன் உரலடிக்குச் சென்று அமருங்கள். உலக்கை பிடித்துக் காய்த்த கை கூறுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் வரையுங்கள்.