பாட்டை நிறுத்தாதவர்கள்

2015 டிசம்பர் 1 ராத்திரி. சென்னையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. நான் டார்ச் அடித்து அடித்து, தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா மாடியில் இருட்டில் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார். எனக்கோ எரிச்சல். "கொஞ்சம் சும்மா இருங்கம்மா, தண்ணி ஏறுதான்னு பாக்கணும்" என்றேன். "நீ பாரு, நான் பாடுறேன்" என்றார்.

ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பைப் படித்தபோது அந்த ராத்திரி அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் இவர். அதெல்லாம் பின்னால் நடந்தது. 1735 அக்டோபரில் 'சிம்மண்ட்ஸ்' கப்பலில் ஏறியபோது அவர் 32 வயது ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர், ஆங்கிலிக்கன் குரு. அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்கு ஊழியம் செய்யப் போகிறார். அங்குள்ள பூர்வகுடிகளுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்பது ஆசை.

இந்த ஆசையின் வேரில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்திருந்தன. ஜானின் தாயார் சூசன்னா அதைப் படித்து மனம் உருகிப்போனார். கடல் தாண்டிப் போக முடியாவிட்டாலும் வீட்டில் இருந்தே ஏதாவது செய்யலாம் என்று, தினமும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். வியாழக்கிழமை ஜானுடைய முறை. 1712-இல் அவர் எழுதிய கடிதத்தில் இந்த விவரம் இருக்கிறது. அப்போது பையனுக்கு 8 வயது.

சரி, கப்பலுக்கு வருவோம். அதில் 26 ஜெர்மானியர்கள் இருந்தார்கள், மொரேவியச் சபையார். மற்றவர்கள் செய்யக் கூசும் வேலைகளைக் கூலி வாங்காமல் செய்தார்கள். யாராவது தள்ளினாலும் அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை. அவர்களோடு பேசுவதற்காகவே வெஸ்லி ஜெர்மன் படிக்கத் தொடங்கினார்.

ஜனவரியில் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. 23-ஆம் தேதி, சாக மனமில்லாத தன்னிடம் ஏன் விசுவாசம் இல்லை என்று வெஸ்லி தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஊருக்குப் போதிக்கப் புறப்பட்டவர் இதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது புயல். ஜெர்மானியர்கள் ஆராதனை தொடங்கி ஒரு சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். கடல் எழும்பி வந்து பெரிய பாயைக் கிழித்து, கப்பலை மூடி, அடித்தளம் வரைக்கும் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். ஜெர்மானியர்கள் பாட்டை நிறுத்தவில்லை.

பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. பெண்களும் பிள்ளைகளும்? அவர்களும் சாகப் பயப்படுவதில்லை என்றார் அவர்.

இந்தப் பதிலைக் கவனியுங்கள். "கப்பல் மூழ்காது, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று அவர் சொல்லவில்லை. மூழ்கலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களுடைய நம்பிக்கை கப்பல்மேல் இல்லை.

என் தொழிலில் ஒன்று சொல்வோம்: டெஸ்டிங்கில் ஓடியதெல்லாம் லைவில் ஓடும் என்று நம்பாதே. வெஸ்லிக்கு நடந்தது அதுதான். வேதம் தெரியும், கிரேக்கம் தெரியும், உபவாசம் எல்லாம் ஒழுங்காக இருந்தார். புயலில் அது நிற்கவில்லை. ஜார்ஜியா ஊழியமும் தோல்வியில் முடிந்து, இரண்டு வருடத்துக்குள் கிளம்பிவிட்டார். பூர்வகுடிகளை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவது என்று திரும்பும் வழியில் எழுதினார். லண்டனில் பீட்டர் போலர் என்ற இன்னொரு மொரேவியர்தான் அவருக்கு வழிகாட்டினார். 1738 மே 24 அன்று ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், கிறிஸ்துவை மட்டுமே நம்பும் நிச்சயம் தனக்குள் வந்ததாகப் பதிவு செய்கிறார். புயலுக்கும் இதற்கும் இடையில் இரண்டு வருஷத்துக்கும் மேல்.

பாடினால் கப்பல் தப்பிக்கும் என்ற முடிவுக்கு இதை வைத்து வந்துவிட வேண்டாம். இதே மொரேவியச் சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். அங்கிருந்து 1768-இல் நிக்கோபார் தீவுகளுக்குப் போனார்கள். பலர் அங்கே காய்ச்சலில் இறந்தார்கள். 1787-இல் அந்த ஊழியத்தையே கைவிட வேண்டி வந்தது. அவர்களும் ஜெபித்தவர்கள்தான், பாடியவர்கள்தான்.

இதையெல்லாம் படித்து முடித்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன். வெஸ்லி கேட்ட கேள்வியையே கேட்டேன்: "அன்னைக்கு ராத்திரி உங்களுக்குப் பயமே இல்லையாம்மா?"

"பயமா இருந்துச்சுடா. அதனாலதான் பாடினேன்" என்றார்.

கப்பலில் இருந்த ஜெர்மானியர் சொன்ன பதில் இது இல்லை. ஆனால் பாட்டை நிறுத்தாததில் இரண்டு பேரும் ஒன்றுதான். அன்றைக்குத் தண்ணீர் ஏழாவது படியோடு நின்றது. எட்டாவது படிக்கு ஏறியிருந்தாலும் அம்மா பாடிக்கொண்டுதான் இருந்திருப்பார். நான் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.